இயந்திரக் காரியஸ்தர்களும் கைபேசி வலையும்

நிலம் ஓரிடத்திலும் தாம் வேறிடத்திலுமாக இருக்கும் மிராசுதார்கள், காரியஸ்தர் ஒருவரை நியமித்துச் சாகுபடியை நடத்திவருவது இந்நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஆட்களை விடுவதும், விதை வாங்குவதும், நெல்லை அளந்து விற்பதும், தீர்வை செலுத்துவதும், நடந்தவற்றை அவ்வப்போது எஜமானருக்குத் தெரிவிப்பதும் காரியஸ்தருடைய வேலை. அவர் எவ்வளவு சமர்த்தராயினும், அவர் கையில் அதிகாரப் பத்திரம் இல்லாவிடில் பிறர் அவரை நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்யமாட்டார்கள். கணக்கு எழுதாவிடில் எஜமானரும் அவரை நம்பமாட்டார்.

இத்தகைய காரியஸ்த வேலையைச் செய்யத்தக்க கணினி நிரல்கள் சமீப காலத்தில் தோன்றியுள்ளன. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இயங்கும் இவற்றை ஆங்கிலத்தில் ஏஜண்டு என்கின்றனர்; தமிழில் இயந்திரக் காரியஸ்தர் எனலாம். இவை கைபேசி வழியாக ஒன்றோடொன்று பேசி, ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்க வல்லவை. அவை எந்த முறையில் பேசுகின்றன, அம்முறையில் எங்கே பிசகு நேரக்கூடும், அப்பிசகினால் வரும் நஷ்டம் யாரைச் சேரும் என்பவை நிலச்சொந்தக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்களாம்.

சொல்லும் கருவியும் செய்யும் கருவியும்

இந்தியாவில் முதல் கைபேசிப் பேச்சு 1995-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி கல்கத்தாவுக்கும் புது டில்லிக்கும் இடையே நடைபெற்றது. பின்னர்க் கைபேசி கிராமங்களுக்குப் பரவவே, விவசாயிகளுக்கு யோசனை கூறும் ஏற்பாடுகள் அதன் வழியே ஒன்றன்பின் ஒன்றாக உண்டாயின. 2004-ம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் கிசான் கால் சென்டர்கள் தொடங்கின. 2018-ல் தமிழ்நாட்டில் உழவன் செயலி வெளிவந்தது. ஐந்தாம் தலைமுறைக் கைபேசிச் சேவை 2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி இந்நாட்டில் தொடங்கப்பெற்றது. 2023-ல், பி.எம். கிசான் உதவித்தொகையைப் பற்றிய கேள்விகளுக்கு விடை கூறும் கிசான் இ-மித்ரா என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஏற்பட்டது.

இவை பெரும்பாலும் கேட்டதற்கு விடை சொல்பவை, அல்லது விவசாயி தாமே கொடுக்கும் மனுவை வாங்கிக்கொள்பவை. விடையைக் கேட்டபின் என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் விவசாயியே. இயந்திரக் காரியஸ்தரின் நிலை வேறு. “நாளை மழை வருமா?” என்று கேட்பது சொல்லும் கருவியிடம். “தென்னந்தோப்புக்கு வேண்டிய வேப்பம் புண்ணாக்கைத் தரம் குறையாமல் மலிந்த விலையில் வாங்கி, வருகிற வாரத்துக்குள் தோப்பில் கொண்டுவந்து இறக்க ஏற்பாடு செய்” என்று கட்டளையிடுவது செய்யும் கருவியிடம். இக்கட்டளையைப் பெற்ற நிரல், பல கடைகளின் விலையை விசாரிக்க வேண்டும்; வண்டி வாடகையைக் கேட்க வேண்டும்; பணம் செலுத்த வேண்டும்; சரக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். கடைக்காரரும் வண்டிக்காரரும் தத்தமக்கு இத்தகைய நிரல்களையே வைத்திருப்பின், மனிதர் குறுக்கிடாமலே பேரம் தொடங்கி முடிந்துவிடும். இவ்விடத்தில்தான் பேச்சு முறை என்னும் பிரச்னை எழுகின்றது.

முறை எதற்காக வேண்டும்

முன்னாளில் மரக்கால் ஊருக்கு ஊர் மாறுபட்டது. ஓர் ஊர்க் கலத்தை மற்றோர் ஊர்க் கலமாகக் கணக்கிடுவதற்கு வியாபாரிகள் பட்ட சிரமம் கொஞ்சமன்று. 1956-ம் வருஷத்தில் எடை அளவுச் சட்டம் நிறைவேறி, கிலோகிராமும் லிட்டரும் நாடு முழுவதற்கும் பொதுவாக வந்தபின் அத்தொல்லை நீங்கியது. இயந்திரங்களின் பேச்சும் அவ்வாறே. பத்துக் காரியஸ்தர்கள் பத்துக் கடைகளோடு தனித்தனி ஏற்பாட்டில் பேசவேண்டுமாயின் நூறு ஏற்பாடுகள் தேவை. எல்லோருக்கும் பொதுவான ஒரு முறை இருப்பின், ஒவ்வொருவரும் அம்முறையை ஒரே தடவை கற்றால் போதும். இருபது ஏற்பாடுகளோடு வேலை முடிகின்றது.

புரோட்டோகால் அல்லது நெறிமுறை என்பது இப்பொது முறையே. யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார், அவர் சொல்வது விசாரணையா கட்டளையா வாக்குறுதியா, அதற்கு எத்தனை வகை விடைகள் உண்டு, பேச்சு எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பவற்றை அது முன்கூட்டியே வரையறுக்கின்றது.

இவ்வாராய்ச்சி புதிதன்று. 1980-ல் ரீட் ஸ்மித் என்னும் ஆராய்ச்சியாளர் காண்ட்ராக்ட் நெட் என்னும் முறையை வெளியிட்டார். ஏரிக்கரை மராமத்துக்கு டெண்டர் கோருவதை ஒத்தது அது. வேலை உள்ள நிரல் அதனை எல்லோருக்கும் அறிவிக்கும். செய்ய வல்லவை தங்கள் நிபந்தனைகளைத் தெரிவிக்கும். தகுந்ததற்கு வேலை ஒப்படைக்கப்படும். முடிந்தபின் அறிக்கை வரும். 1996-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ஏற்பட்ட பிபா என்னும் சங்கம் இயந்திரக் காரியஸ்தர்களுக்கென்று இருபத்திரண்டு வகைப் பேச்சுகளை வகுத்தது. தெரிவித்தல், வேண்டுதல், இசைதல், மறுத்தல், விலை கூறல் முதலியன அவற்றுட் சில. “புரியவில்லை” என்பதும் அவற்றுள் ஒரு முறையான விடையாக வைக்கப்பட்டது கவனிக்கத்தக்கது. புரியாததைப் புரிந்ததாக எண்ணிச் செய்துவிடும் வேலையாளைவிட, புரியவில்லை என்று திரும்பிவந்து கேட்பவன் மேலானவன் என்பதைப் பண்ணை நடத்தும் எவரும் அறிவர்.

அக்காலத்து நிரல்களுக்கு முன்பே ஒப்புக்கொண்ட சொற்களையன்றி வேறு புரியா. ஆதலால் அம்முறைகள் பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலைகளோடு நின்றுவிட்டன. இன்றைய நிரல்கள் சாதாரணமாக எழுதும் வாக்கியங்களையே பொருள் கொள்ள வல்லவை. அப்படியாயின் முறை எதற்கு என்று சிலர் வினவலாம். மொழி தெரிவது வேறு, முறை தெரிவது வேறு. ஊர்ச் சந்தையில் இருவரும் தமிழே பேசினாலும், முன்பணம் கைமாறும்வரை மாட்டு வியாபாரம் முடிந்ததாக ஒருவரும் கொள்வதில்லை. பேச்சு எந்த இடத்தில் பொறுப்பாக மாறுகின்றது என்பதை மொழியறிவு காட்டாது, முறையே காட்டும்.

இப்போது வழங்கும் இரு முறைகள்

தற்காலம் பரவிவரும் முறைகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஆந்த்ரோபிக் கம்பெனியார் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். இது காரியஸ்தருக்கும் அவர் கையாளும் கருவிகளுக்கும் பதிவேடுகளுக்கும் இடையே உள்ள முறை. வானிலைக் குறிப்பைப் படிப்பது, கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது, மோட்டாரை இயக்குவது ஆகியவற்றுக்கு இது பயன்படும். தன்னிடம் என்னென்ன வேலைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன விவரம் கொடுக்கவேண்டும் என்பதைக் கருவியே ஒரு பட்டியலாகக் கூறிவிடும். காரியஸ்தர் அப்பட்டியலைப் பார்த்து வேண்டியதை வேண்டுவார்.

இரண்டாவது, 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கூகிள் கம்பெனியார் அறிவித்த ஏஜண்ட்-டு-ஏஜண்ட் என்னும் முறை. இது காரியஸ்தருக்கும் மற்றொரு காரியஸ்தருக்கும் இடையே உள்ளது. இவ்விரண்டும் தனிப்பட்ட கம்பெனிகளின் சொத்தாக இராதபடி, அதே 2025-ம் வருஷத்திலேயே லினக்ஸ் பவுண்டேஷன் என்னும் பொதுச் சங்கத்தின் பாதுகாப்பில் விடப்பட்டன.

இரண்டாவது முறையில் ஒவ்வொரு காரியஸ்தரும் ஓர் அறிமுக அட்டையை வெளியிட்டு வைக்கவேண்டும். அவர் பெயர், விலாசம், அவர் செய்ய வல்ல வேலைகள், அவரோடு பேசுவதற்கு என்ன அத்தாட்சி வேண்டும் என்பவை அதில் அடங்கும். அடுத்து, ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுக்கப்படும். வேலை எந்த நிலையில் இருக்கின்றது என்பதைக் குறிப்பிட்ட சில சொற்களாலேயே தெரிவிக்கவேண்டும். சமர்ப்பிக்கப்பட்டது, நடைபெறுகிறது, மேல்விவரம் தேவை, முடிந்தது, தவறியது, ரத்தாயிற்று, நிராகரிக்கப்பட்டது என்பவை அவற்றுட் சில. முடிந்ததென்றோ ரத்தானதென்றோ ஒரு முறை எழுதப்பட்ட வேலையை மறுபடியும் கிளப்புதல் கூடாது. வேண்டுமாயின் புதிய எண்ணிட்டுப் புதிய வேலையாகவே தொடங்கவேண்டும். பைசலான பைலைத் திறந்து நடுவில் ஒரு வரியைச் செருகும் வழக்கத்துக்கு இம்முறையில் இடமில்லை.

கம்பியில்லா வழியின் தொல்லைகள்

பட்டணத்து அலுவலகத்தில் கம்பியால் இணைக்கப்பட்ட கணினிகளுக்கு இம்முறைகள் சிக்கலின்றி வேலை செய்யும். வயலில் நிற்கும் கருவிக்கும் கைபேசிக் கோபுரத்துக்கும் இடையே உள்ள வழி அத்தகையதன்று. மேடும் மரமும் மறைக்கும். மின்சாரம் தடைப்பட்டுக் கோபுரத்தின் பாட்டரி இறங்கும். ஒரே சமயத்தில் பலர் பேசினால் நெருக்கம் உண்டாகும். நிலத்தின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவிகளுக்கென 2016-ல் நாரோபாண்ட் ஐ.ஓ.டி. என்னும் குறுகிய அலைவழி வகுக்கப்பட்டது. பாட்டரி நெடுநாள் உழைக்கவேண்டி இக்கருவிகள் பெரும்பாலும் உறங்கிக்கிடக்கும். குறித்த வேளையில் மட்டும் விழித்துச் செய்தியை அனுப்பும். உறங்கும் கருவிக்கு அனுப்பிய உத்தரவு அது விழிக்கும்வரை காத்திருக்க நேரும்.

இதனால் விளையும் பிசகுகளுள் முக்கியமானது ஒன்று உண்டு. மோட்டாரை ஓட்டும்படி காரியஸ்தர் ஸ்டார்ட்டருக்கு உத்தரவு அனுப்புகிறார். உத்தரவு போய்ச் சேர்ந்து மோட்டாரும் ஓடத் தொடங்குகின்றது. ஆனால் “சேர்ந்தது” என்னும் ரசீது திரும்பும் வழியில் தொலைந்துபோகிறது. ரசீது வராமையால் உத்தரவு சேரவில்லை என்று எண்ணிய காரியஸ்தர் அதனை மறுபடியும் அனுப்புகிறார். உத்தரவானது “நிலையை மாற்று” என்று அமைந்திருந்தால், இரண்டாவது உத்தரவு ஓடும் மோட்டாரை நிறுத்திவிடும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும் என்று நம்பி வீட்டில் இருப்பவர் மறுநாள் காலையில் வாடிய நாற்றையே காண்பார். அதே உத்தரவு “ஓடும் நிலையில் வை” என்று அமைந்திருந்தால், அது இரண்டு தடவை சேர்ந்தாலும் பத்துத் தடவை சேர்ந்தாலும் பலன் ஒன்றே. கருவியை வாங்குமுன் அது எந்த வகை உத்தரவை ஏற்பது என்று விசாரிப்பது நன்று.

புண்ணாக்குக்கு ஆர்டர் அனுப்புவது போன்ற காரியங்களை அவ்வாறு அமைக்க முடியாது. இரண்டு ஆர்டர் போனால் இரண்டு லோடு வந்து இறங்கும். அதற்குப் பரிகாரம் வேலை எண். ஒரே எண்ணுள்ள ஆர்டர் மறுபடி வந்தால், “இது முன்னமே பெறப்பட்டது” என்று கடைக்காரரின் நிரல் பழைய ரசீதையே திருப்பி அனுப்பவேண்டும். சந்தேகம் ஏற்பட்டால் மறுபடி அனுப்புவதைவிட, அந்த எண்ணைச் சொல்லி நிலையை விசாரிப்பதே முறை.

வழி கெட்ட இடங்களுக்கென்றே பிறந்த முறை எம்.க்யூ.டி.டி. என்பது. 1999-ல் ஆண்டி ஸ்டான்போர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர், பாலைவெளிகளில் செல்லும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்கு இதனை அமைத்தனர். இன்று விவசாயக் கருவிகள் பலவற்றில் இது வழங்குகின்றது. செய்தியை அதிகபட்சம் ஒரு தடவை சேர்ப்பது, குறைந்தபட்சம் ஒரு தடவை சேர்ப்பது, சரியாக ஒரே தடவை சேர்ப்பது என மூன்று தரங்கள் இதில் உண்டு. மணிக்கொரு தரம் வரும் ஈரக்கணக்கு ஒன்று தொலைந்தால் நஷ்டமில்லை. முதல் தரம் போதும். மோட்டாருக்கு இடும் உத்தரவுக்கு அது போதாது. 2019-ல் வந்த இதன் ஐந்தாம் பதிப்பில், செய்திக்குக் காலாவதி குறிக்கவும் வழி செய்யப்பட்டது. மாலை ஆறு மணிக்கு இட்ட உத்தரவு, கோபுரம் உயிர்பெற்ற நள்ளிரவில் போய்ச் சேர்ந்து கிணற்றை வற்ற இறைத்துவிடாதபடி இது தடுக்கும்.

இம்முறையில் உயில் என்றே பெயர் பெற்ற ஓர் ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு கருவியும் தொடர்பு கொள்ளும்போதே, “என் தொடர்பு அகாலமாக அறுந்தால் இன்ன செய்தியை இன்னாருக்குத் தெரிவியுங்கள்” என்று நடுவிலுள்ள நிலையத்தில் எழுதிவைத்துவிடும். தொடர்பு அறுந்தவுடன் நிலையம் அச்செய்தியை வெளியிடும். கருவி மௌனமாக இருப்பதற்கும், கருவி தொலைந்துபோனதற்கும் உள்ள வேற்றுமை இதனால் உரியவருக்குத் தெரியவரும்.

வலைக்குள்ளேயே உள்ள காரியஸ்தர்கள்

கைபேசி வலையை நடத்துவதிலும் இயந்திரக் காரியஸ்தர்கள் அமர்ந்துவருகின்றனர். ஐந்தாம் தலைமுறை வலையின் மையப் பகுதியில் ஒவ்வொரு வேலையும் ஒரு தனி நிரல். அவை யாவும் ஒரு பொதுப் பதிவேட்டில் தங்கள் பெயரையும் தொழிலையும் பதிவு செய்துகொள்ளும். ஒன்றன் உதவி மற்றொன்றுக்கு வேண்டுமாயின், பதிவேட்டைப் பார்த்து விலாசம் அறிந்து, அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரே அணுகும். கிராமக் கணக்கில் பெயர் இல்லாதவர் நீர்ப்பங்கு கேட்க இயலாததைப் போன்றது இது.

கோபுரங்களை ஆளும் பகுதிக்கு 2018-ல் ஏற்பட்ட ஓ-ரான் கூட்டணி சில விதிகளை வகுத்துள்ளது. ஒரு விநாடிக்கு மேல் அவகாசமுள்ள தீர்மானங்களுக்கு ஒரு நிலையமும், ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்கு முதல் ஒரு விநாடிக்குள் செய்யவேண்டிய தீர்மானங்களுக்கு மற்றொரு நிலையமும் அதில் உண்டு. பல கம்பெனிகள் எழுதிய சிறு நிரல்கள் அந்நிலையங்களில் அமர்ந்து வேலை செய்யும். இங்கு ஒரு சங்கடம் நேர்கின்றது. மின்சாரச் செலவைக் குறைப்பதற்கு அமர்ந்த நிரல், நடமாட்டம் குறைந்த வேளையில் அலைவரிசைகளுள் சிலவற்றை அணைக்கப் பார்க்கும். நெருக்கத்தைக் குறைப்பதற்கு அமர்ந்த நிரல் அவற்றையே திறந்துவைக்கப் பார்க்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தத்தம் கடமையைத்தான் செய்கின்றன. ஒரே வாய்க்காலில் தலைமடைக்காரர் ஏற்றிய பலகையைக் கடைமடைக்காரர் இறக்கிக்கொண்டே இருந்தால் இருவர் வயலும் பாழாகும். அங்கே முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டியைப் போல, நிரல்களின் முரண்பாட்டை அறிந்து தீர்க்கும் பகுதி ஒன்றும் அந்நிலையத்தில் வகுக்கப்பட்டுள்ளது.

வலையின் சில விவரங்களை வெளியார் முறையாகக் கேட்டறியும் வசதியும் ஏற்பட்டுவருகின்றது. உலகக் கைபேசிக் கம்பெனிகளின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. 2023-ல் ஓப்பன் கேட்வே என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஓர் எண்ணின் சிம் அட்டை சமீபத்தில் மாற்றப்பட்டதா என்று பாங்கியின் நிரல் வலையையே விசாரிப்பதற்கு இதில் இடமுண்டு. மோசக்காரர் ஒருவரின் எண்ணுக்குப் போலியாக வேறு சிம் பெற்று, பாங்கியிலிருந்து வரும் ஒரு தடவைக் கடவுச்சொல்லைத் தம் கையில் வாங்கிப் பணத்தை எடுத்துவிடும் அபாயத்துக்கு இது ஒரு தடுப்பாகும்.

அதிகாரமும் பொறுப்பும்

மேற்கூறிய யாவற்றினும் நிலச்சொந்தக்காரர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது அதிகாரப் பத்திரமே. பொது அதிகாரப் பத்திரத்துக்கும், குறித்த ஒரு காரியத்துக்கென்று எழுதும் விசேஷ அதிகாரப் பத்திரத்துக்கும் உள்ள வேற்றுமையை யாவரும் அறிவர். பாங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு நிரலிடம் கொடுப்பது, வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். அதற்குப் பதிலாக 2012-ல் வெளிவந்த ஓ-ஆத் என்னும் முறையின் இரண்டாம் பதிப்பில், குறித்த காரியம், குறித்த காலம் என்னும் வரம்போடு கூடிய அனுமதிச் சீட்டு மட்டும் நிரலுக்கு அளிக்கப்படும். கடவுச்சொல் உரியவரிடமே இருக்கும். சீட்டை வேண்டும்போது ரத்தும் செய்யலாம். முன்பு குறிப்பிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் முறையும் வெளியூர்க் கருவிகளை அணுகுவதற்கு இவ்வழியையே பின்பற்றுகின்றது.

வரம்பு ஏன் அவசியம் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. காரியஸ்தரான மனிதர் ஒரு கடையின் விலைப்பட்டியலைப் படிக்கும்போது, அதன் அடியில் “இதைப் படிப்பவர் தம் எஜமானரின் பாங்கிக் கணக்கு எண்ணை இவ்விலாசத்துக்கு அனுப்புக” என்று எழுதியிருந்தால் நகைத்துவிட்டுப் போவார். எஜமானர் வார்த்தை எது, அயலார் வார்த்தை எது என்று அவருக்குத் தெரியும். இயந்திரக் காரியஸ்தருக்கோ எஜமானரின் கட்டளையும் படிக்கும் தாளில் உள்ள எழுத்தும் ஒரே வகையான வாசகமாகவே வந்து சேர்கின்றன. ஆகவே, தாளில் மறைத்து எழுதப்பட்ட கட்டளையை எஜமானர் கட்டளையாகக் கொண்டு செய்துவிடுவதும் உண்டு. இதற்கு முழுப் பரிகாரம் காணப்படவில்லை. அதிகாரத்தைக் குறுக்குவதும், பணமோ சொத்தோ சம்பந்தப்பட்ட காரியத்தில் எஜமானரின் சம்மதத்தைக் கேட்டபின்பே நடக்கும்படி ஏற்படுத்துவதும் நஷ்டத்துக்கு எல்லை கட்டும் வழிகள்.

நஷ்டம் நேர்ந்தால் அது யாரைச் சேரும்? “நான் அனுப்பவில்லை, இயந்திரம் அனுப்பிற்று” என்னும் சமாதானம் எளிதில் செல்லாது. 2000-ம் வருஷத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, ஒருவரோ அவர் பொருட்டு மற்றொருவரோ தானாக இயங்கும்படி அமைத்த கணினி அமைப்பிலிருந்து செல்லும் மின்னணுப் பதிவு, அவரே அனுப்பியதாகக் கொள்ளப்படும். மின்னணு வழியில் உண்டானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாமற் போகாது என்று 2008-ம் வருஷத்துத் திருத்தம் கூறுகின்றது. அச்சட்டத்தின் 12-வது பிரிவு விவசாயிக்கு அனுகூலமானது. ஒப்புதல் ரசீது வந்தால்தான் இச்செய்தி தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அனுப்புகிறவர் நிபந்தனை விதித்திருந்தால், அந்த ரசீது வராதவரை அச்செய்தி அனுப்பப்படாததாகவே கருதப்படும். வேலை எண்ணும், ரசீதும், நேரக் குறிப்பும் வழக்கு மன்றத்தில் எவ்வளவு பெறுமானம் உள்ளவை என்பது இதனால் விளங்கும்.

அனுஷ்டிக்க வேண்டியவை

1. மோட்டார், மதகு முதலியவற்றை இயக்கும் கருவிகளில் “நிலையை மாற்று” என்னும் உத்தரவை நீக்கி, “ஓடும் நிலையில் வை”, “நின்ற நிலையில் வை” என்னும் உத்தரவுகளையே வைத்துக்கொள்க.

2. ஒவ்வோர் உத்தரவுக்கும் காலாவதி நேரம் குறிக்கப்படவேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கவேண்டுமா, தொடர்ந்து ஓடவேண்டுமா என்பதைப் பயிருக்கும் கிணற்றுக்கும் தக்கபடி முன்பே தீர்மானித்துக்கொள்க.

3. கையால் நிறுத்தும் சுவிட்சைக் கழற்றிவிடலாகாது. வலை இல்லாத வேளையில் வேலையாள் ஒருவர் சென்று நிறுத்தக்கூடிய வசதி எப்போதும் இருத்தல் வேண்டும்.

4. ரசீது வராத ஆர்டரை மறுபடி அனுப்புமுன் வேலை எண்ணைக் கூறி விசாரிக்க. எண் கொடுக்காத கடையோடு இயந்திரத்தின் மூலம் வியாபாரம் செய்யாமல் இருப்பது நன்று.

5. கடவுச்சொல்லையும், கைபேசிக்கு வரும் ஒரு தடவைக் கடவுச்சொல்லையும் எந்த நிரலுக்கும் கொடுக்கலாகாது. தொகைக்கு உச்சவரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டால் சம்மதம் கேட்கும்படி அமைக்க.

6. நிரல் செய்த காரியங்களின் நாட்குறிப்பை வாரந்தோறும் பார்வையிடுக. நாட்குறிப்பு வைக்காத காரியஸ்தர் மனிதராயினும் இயந்திரமாயினும் வேண்டியதில்லை.

7. கிராம உத்தியோகஸ்தர்களிடம் நிரல் மூலம் வரும் மனுக்களில், யாருடைய அதிகாரத்தின்மேல் வந்தது, எண் என்ன, நேரம் என்ன என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடன் வரும் பட்டா நகலைக் கண்டபடியே ஏற்காமல், அதிலுள்ள குறிப்பு எண்ணைக்கொண்டு சர்க்காரின் மின்சேவைப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுதல் அவசியம். ஒரே மனு இரண்டு தடவை வந்தால், இரண்டு எண்களில் பதிவாகாதபடி பார்ப்பதும் அவர்கள் கடமை.

புதிய நெல் ரகம் ஒன்று வந்தால், அதனை முதல் போகத்திலேயே பண்ணை முழுவதும் விதைப்பவர் இல்லை. ஒரு மூலையில் பத்துச் சென்டில் விதைத்து, தூர் கட்டுவதையும் பூச்சி விழுவதையும் மணி முற்றுவதையும் பார்த்து, பழைய ரகத்தோடு கண்டுமுதலை ஒப்பிட்ட பின்பே மேற்கொண்டு இறங்குவர். இயந்திரக் காரியஸ்தரையும் அவ்வாறே ஒரு போகம் சோதித்துப் பார்த்தல் தகும். முதலில் ஈரக்கணக்கு எழுதும் வேலையை மட்டும் கொடுக்க. அது சரியாக நடந்தால் விலை விசாரிக்கும் வேலையைக் கொடுக்க. கோபுரம் படுத்த நாட்களிலும், மின்சாரம் நின்ற நாட்களிலும் அது எவ்வாறு நடந்துகொண்டது என்பதை நாட்குறிப்பில் பார்த்து, அதன்பின் மோட்டாரையும், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பணத்தையும் ஒப்படைக்கலாம்.